ஜாம்பிக்கு மார்க் போட்ட மகனுக்கு

தம்பி,

இந்தக் கடிதத்தை உன்னைக் கேட்காமல்தான் எழுதுகிறேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரில் ஒன்று எழுதப்போய் உன் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது, அப்படியும் அம்மா திருந்தவில்லையா என்று நீ தலையில் கை வைப்பாய். இந்த முறை உன் அம்மாவாகவே எழுதுகிறேன், பயப்படாதே. உன் சேனலைப் பார்க்கும் பிள்ளைகளில் பாதிப் பேர், நீ காசு வாங்கிக்கொண்டுதான் மனசு மாறினாய் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்களாம். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குக் கை நீட்டியபடியே ஒரு பையன் உன்னிடம் அதைக் கேட்டதை நானும் கேட்டேன். அதனால் நடந்தது நடந்தபடி எல்லாரும் படிக்கட்டும். நீயும் யாழினியும் இன்று காலை உங்கள் கேளம்பாக்கத்து வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டீர்கள். உங்கப்பா வாசல் வரை வந்து கையாட்டிவிட்டு, "வூடே வெறிச்சுனு கீது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். நான் நடத்தும் மெஸ்ஸுக்கும் இன்று விடுமுறை. எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது.

விவரம் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். வாரம் முழுக்க நீ ஆபீஸ் வேலை. சனி ஞாயிறில் உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் கேம்களை ஆடிப் பார்த்து, அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று வீடியோவில் பேசி மார்க் போடுவாய். உன் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் கேம் வாங்குகிறோம் என்று சொல்ல ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் நீ சொல்லி நாங்கள் ஒரு பொரியல்கூட மாற்றியதில்லை, அது வேறு. நீ தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய கேம் ஒன்று உண்டு, 'எழுந்துட்டாங்கய்யா' என்று. நம் ஊர்ப்பக்கத்துக் கம்பெனி செய்தது. செத்தவர்களெல்லாம் ஜாம்பியாக எழுந்து வந்து ஊரைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆடுகிறவர் துடைப்பம், தோசைக்கரண்டி, சைக்கிள் பம்பு என்று கைக்குக் கிடைத்ததை எடுத்து அவர்களைச் சாத்த வேண்டும். ஊருக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எவர் வீட்டுக்குள்ளும் நுழையலாம். எல்லாமே சிரிப்புக்காக. அந்த முதல் பாகத்தை ஆடும்போது நீ சிரித்த சிரிப்பில், உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உங்கப்பா தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தார்.

சில வருஷம் கழித்து அதற்கு இரண்டாம் பாகம் வந்தது. நீ அதைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டாய். ஆட்டத்து ஊரின் மேப் பெரிசு, ஆனால் காலி மைதானம் என்றாய். 'ஜெனரேட்டரைப் போடு, பத்து ஜாம்பியை அடி, அடுத்த ஜெனரேட்டருக்குப் போ, அங்கேயும் பத்து ஜாம்பியை அடி' என்று இதே வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள் என்றாய். ஜாம்பிகள் சுவரில் பாதி உடம்பு சிக்கி நிற்கின்றன, கார் எண்ணெயில் விழுந்த மாதிரி வழுக்குகிறது என்றாய். பத்துக்கு மூன்று மார்க். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில், "இந்த ஜோக்கெல்லாம் எழுதினவங்களை மட்டும் எந்த ஜாம்பியும் கடிக்காது மச்சான். அது மூளையைத் தேடி வர்ற ஜந்து. அங்க வந்தா ஏமாந்து பட்டினியாத் திரும்பிப் போவும்" என்று சொல்லி ஒரு சிரிப்பு சிரித்தாய். அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஊர் பூராவும் அனுப்பினார்கள். மெஸ்ஸில் சாப்பிட வந்த கம்பெனிப் பையன்கள் எனக்கே அதைப் போட்டுக் காட்டினார்கள். நானும் சிரித்தேன். மறைப்பானேன்.

அடுத்த மாதம்தான் மதுராந்தகத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். தரகர் எங்களிடம் சொன்னது, பெண் ஐ.டி. கம்பெனியில் வேலை, அவள் அப்பாவுக்கு நெல் மண்டி, நல்ல குடும்பம் என்று மட்டும்தான். யாழினி கேசரித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் அப்பா பெருமையாகத் தொடங்கினார்: "எங்க பொண்ணுக்கு எழுத்து வேலைங்க. கம்ப்யூட்டர் கேமுக்கு வசனம் எழுதுது. இன்னாமோ பேரு... செத்தவன்லாம் எழுந்து எழுந்து வருவானே..."

"எழுந்துட்டாங்கய்யாவா?" என்று நீ நாற்காலியின் நுனிக்கு வந்தாய். உன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "ஐயோ, அந்தக் கேமுக்கு நான் அடிமைங்க! நீங்களா எழுதினீங்க?"

"முதல் பார்ட் எழுதினவரு வேலையை விட்டுட்டுப் போயிட்டாருங்க," என்றாள் அவள் அமைதியாக. "நான் ரெண்டாவது பார்ட்."

வாயில் போட்ட கேசரி உனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது. உங்கப்பா முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். யாழினி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, "மெதுவா சாப்பிடுங்க. கேசரியில மூளை எதுவும் சேர்க்கல," என்றாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பாவம், அவள் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தம்பி ஆடிப் பாத்துகீறாரா? நல்லா கீதா நம்ம பொண்ணு கேமு?" என்று ஆசையாகக் கேட்டார். உலகத்துக்கே மார்க் போடும் என் பிள்ளை, கண்ணில் தண்ணீர் வழிய, "பெரிய மேப்புங்க" என்றான்.

இருவரும் மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தீர்கள். கார் ஏரிக்கரையைத் தாண்டிய பிறகு நீயாகவே வாயைத் திறந்தாய். "முழுசா ஆடினீங்களான்னு கேட்டாம்மா."

"நீ இன்னா சொன்ன?"

"நாலு மணி நேரம் ஆடினேன்னு சொன்னேன்."

"மொத்தம் எவ்ளோ நேரம் ஆடணும்?"

"ஒரு நாப்பது மணி நேரம் வரும்."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த உங்கப்பா இருபத்தைந்து வருஷம் கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டியவர். அவருக்கு எல்லாமே ஸ்டாப்பிங் கணக்குதான். "மதுராந்தகத்துல ஏறி அடுத்தாப்புல படாளத்துல எறங்கிகினு, மெட்ராஸ் நல்லால்லன்னு சொல்லிகினு கீறான் உம்புள்ள," என்றார் என்னைப் பார்த்து. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். யாழினி உன்னிடம் கடைசியாகச் சொன்னதை வீட்டுக்கு வந்துதான் சொன்னாய். "முடிச்சிட்டு வந்து எவ்ளோ வேணா திட்டுங்க, கேட்டுக்கறேன். பாதியில எழுந்து போற ஆளுகிட்ட எனக்குக் கல்யாணப் பேச்சே வேணாம்."

நான் உன்னைத் திட்டவில்லை, ஞாபகம் இருக்கிறதா? சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் நம் மெஸ்ஸைப் பற்றிப் போனில் ஒருவன் ஒற்றை ஸ்டார் போட்டு, 'சாம்பார் வெறும் தண்ணி' என்று எழுதினானே, அதை மட்டும் உனக்கு ஞாபகப்படுத்தினேன். அவன் வந்தது சாயங்காலம், குடித்தது ஒரு டீ. அதைக் கண்டுபிடித்து, "டீ குடிச்சிட்டு சாம்பாருக்கு மார்க் போடுறியே, நீயெல்லாம் மனுஷனா?" என்று அவனோடு இரண்டு நாள் சண்டை போட்டது யார்? நீதான். நான் இதைச் சொன்னதும் நீ நேராகப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாய். அன்றிலிருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் மறுபடி முதலிலிருந்து, ஒரு தெரு ஒரு வீடு விடாமல், ஜெனரேட்டரும் ஜாம்பியுமாகக் கிடந்தாய். முகத்தைப் பார்த்தால் பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி இருந்தது.

என் தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. வரப்போகிற மருமகள் எழுதியது எப்படி இருக்கிறது என்று எனக்கும் பார்க்க வேண்டும் போல் இருந்தது. நீ ஆபீசுக்குப் போன பிறகு, மெஸ்ஸில் மதியச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்கு வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். 'புதிய ஆட்டம்' என்று தமிழிலேயே போட்டிருந்ததால் உன் ஆட்டத்தைத் தொடாமல் எனக்கென்று ஒன்றைத் தொடங்க முடிந்தது. முதல் நாள் பூராவும் நான் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பின்னால் வந்து கடித்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் உங்கப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி! ஆரன் அடிடி!" என்று கத்தினார். காரை ஓட்ட அவரிடம் கொடுத்தால், "இன்னா வண்டி இது, பிரேக்கே கீழ வரைக்கும் போவுது. எஃப்.சி.க்கு அனுப்பினா ரோட்டு மேலயே வுட மாட்டான்," என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நீ கார் பற்றிச் சொன்னது சரிதான் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

அடிதடியும் நீ சொன்ன மாதிரியே அலுப்புத்தான் தம்பி. பத்துப் பேரை அடித்துவிட்டு நிமிர்ந்தால் அதே முகத்தோடு இன்னொரு பத்துப் பேர் நிற்கிறார்கள். ஆரம்பத்தில் வரும் ஜோக்குகளும் ஊசிப்போன வடைதான். ஆனால் நாலைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினால் ஆட்டம் கடற்கரைக்கு வந்துவிடுகிறது. பார்த்தால் நம் மாமல்லபுரம் மாதிரியே இருக்கிறது. அங்கேயிருந்து செத்தவர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள். செத்துப்போன பஸ் கண்டக்டர் ஒருவர், கடிக்க வாயைத் திறந்துவிட்டு, "சில்லறை இருந்தா எடுத்து வெச்சுக்கோ" என்கிறார். டிக்கெட் கவுன்ட்டரில் ஜாம்பிகள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் நுழைந்த ஜாம்பியை மற்ற ஜாம்பிகள் சேர்ந்து வெளியே தள்ளுகின்றன. கல்யாண மண்டபத்தில் பட்டுப்புடவை கட்டிய ஒரு ஜாம்பி அத்தை துரத்திக்கொண்டே வந்து, கழுத்தைப் பிடித்து, "உனக்கு எப்பக் கல்யாணம்?" என்று கேட்டுவிட்டுத்தான் கடிக்கிறாள். என் நாத்தனார் நேரில் வந்த மாதிரியே இருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு விலாப் பிடித்துக்கொண்டது. உங்கப்பாவும் கோபத்தை விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் ஆட்டத்தை மூடும்போது, 'இந்த கேமை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?' என்று திரையில் ஒரு கட்டம் வந்தது. கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? கட்டை விரல் தூக்கியிருந்த படத்தை அமுக்கினேன். எழுதுவதற்கு இடம் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன்: "மிக அருமை. கல்யாண வீட்டு அத்தை பிரமாதம். எழுதிய பெண் நீடூழி வாழ்க. அனைவரும் வாங்கி ஆடவும்." அது உன் பெயரில், உன் படத்தோடு போய் நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை நீ போட்ட சத்தத்தில் பால்காரர் திரும்பிப் போய்விட்டார். "யாரும்மா என் கம்ப்யூட்டரைத் தொட்டது?" என்றாய். பல் தேய்த்துக்கொண்டிருந்த உங்கப்பா, கட்டிய மனைவி என்றும் பார்க்காமல், பிரஷ்ஷாலேயே என்னைச் சுட்டிக் காட்டினார். உன் பிள்ளைகள் எழுதியிருந்ததை நீ வாசித்தாய். 'அண்ணே, எவ்ளோ வாங்கினீங்க?' 'மூணு மார்க் போட்ட வாய் இன்னா ஆச்சு?' 'அண்ணாத்த வெல போயிட்டாரு.' நீ அழித்துவிட்டாய். ஆனால் அதற்குள் அதைப் படம் பிடித்து ஊர் பூராவும் அனுப்பிவிட்டார்கள். மதியம் மதுராந்தகத்திலிருந்து போன் வந்தது. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. பொண்ணு வேணாங்குது. காரணம் கேட்டா, பயந்துகினு மாத்திப் பேசற ஆளு வேணாம்னு சொல்லுது. எனக்கு ஒண்ணும் புரியல," என்றார் அவள் அப்பா. உண்மையில் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே எதுவும் புரியவில்லை. நான்தான் எழுதினேன் என்று நீயே அவளிடம் சொல்லேன் என்றேன். "எங்கம்மா எழுதினாங்கன்னு சொன்னா எவம்மா நம்புவா? பயந்தாங்கொள்ளியோட பொய்யன்னும் சேத்துச் சொல்லுவா," என்று கதவைச் சாத்திக்கொண்டாய். அன்று நீ சாப்பிடவில்லை. மூன்று மார்க் போட்ட கேமுக்காக யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். உனக்கும் அவளைப் பிடித்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது.

அவளுக்கு நானே போன் செய்தேன். சனிக்கிழமை வேலையாக மாமல்லபுரம் வருகிறேன், வேண்டுமானால் அங்கே வாருங்கள் என்றாள். குரலில் மரியாதை இருந்தது, சிரிப்பு இல்லை. செங்கல்பட்டில் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் இறங்கி, வெயில் கண்ணாடி விற்கிறவர்களையும் சங்கு மாலை விற்கிறவர்களையும் தாண்டிக் கடற்கரைக்குப் போனேன். தலையில் ஹெட்போனும் கையில் பூனைக்குட்டி மாதிரி ரோமம் வைத்த ஒரு மைக்குமாகத் தண்ணீர் ஓரமாக நின்றிருந்தாள். அலைச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தாளாம். அது எனக்குத் தெரியாது. போன வேகத்திலேயே ஆரம்பித்துவிட்டேன். "அம்மாடி, எம்பையன் எழுதலம்மா. அது நான் எழுதினது. அவன் இன்னமும் மூணு மார்க்குலதான் நிக்கறான், சத்தியமா அவன் மாறவே இல்ல, நீ எழுதினது மட்டம்னுதான் இன்னிக்கு வரைக்கும் நெனச்சுகினு கீறான்!"

அவள் என்னைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றினாள். "நீங்களா ஆன்ட்டி? நீங்களா ஆடினீங்க?"

"உங்க மாமாவும் ஆடினாரு. ஆனா காரு சரியில்லன்னு பாதியில எழுந்து போயிட்டாரு."

"கல்யாண மண்டபம் வரைக்கும் வந்தீங்களா?"

"அந்த அத்தைகிட்ட நாலு வாட்டி கடி வாங்கினேம்மா. அவ கேக்கற கேள்விக்காகவே திரும்பத் திரும்பப் போனேன்."

அவள் மணலில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாள். சண்டைக் காட்சியெல்லாம் அலுப்பு என்று ஆபீசில் முதலில் சொன்னதே அவள்தானாம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அப்புறம் ஒண்ணு ஆன்ட்டி. ஆரம்பத்துல வர்ற ஜோக்கெல்லாம் எங்க மேனேஜர் எழுதினது. அதுல யாரும் கை வைக்க முடியாது. நான் எழுதினது கடற்கரைக்கு அப்புறம்தான். உங்க பையன் வீடியோவை ஆபீஸ்ல பெரிய ஸ்கிரீன்ல போட்டாங்க. அந்த மூளை ஜோக்குக்கு எல்லாரும் சிரிச்சோம். மேனேஜர் மட்டும் சிரிக்கல."

"இத அன்னிக்கே அவங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொன்னா உடனே 'அப்ப நீங்க எழுதினது சூப்பருங்க'ன்னு வழிவாரு. அவரே ஆடிக் கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன்." கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "மாறலையா? நெசமாவே இன்னும் மட்டம்னுதான் சொல்றாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு பெண் அவ்வளவு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது, "நீங்க பேசினது முழுசா இதுல பதிவாயிடுச்சு அத்தை. நான் வெச்சுக்கட்டுமா?" என்றாள். அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் அவள் என் மெஸ்ஸையே எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் மேனேஜர் விஷயத்தை மூச்சு விடவில்லை. நீயும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் ஆட்டத்தை முடித்தாய். கடற்கரை வந்த அன்று உன் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. உடனே அது நின்றது, நீ வாயைப் பொத்திக்கொண்டாய் போலிருக்கிறது. பிறகு மறுபடியும் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போட்ட வீடியோவை நான் மெஸ்ஸில் நின்றுகொண்டே பார்த்தேன், சாதம் குழைந்துபோனது. "நான் முதல்ல நாலு மணி நேரம்தான் ஆடினேன். அதை உங்ககிட்ட சொல்லாம மார்க் போட்டது தப்பு," என்று ஆரம்பித்தாய். பாராட்டி எழுதியது அம்மா என்றாய். சண்டை, கார், ஜெனரேட்டர் எல்லாம் முன்னே சொன்னதைவிட மோசம் என்றாய். கடற்கரைக்குப் பிறகு வரும் பேச்சு முதல் பாகத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது, இதையும் ஆரம்பத்தில் வரும் ஜோக்குகளையும் ஒரே ஆள் எழுதியிருக்க முடியாது என்றாய். நீயாகக் கண்டுபிடித்தாய்! மூளையைப் பற்றிச் சொன்னது ஆட்டத்தைப் பற்றிய பேச்சே இல்லை, ஒரு ஆளை மட்டம் தட்டிய பேச்சு, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாய். கடைசியில், "இதை எழுதினவங்களைத்தான் எனக்குப் பொண்ணு பாத்தாங்க, இப்ப வேணாம்னுட்டாங்க. அதனால என் மார்க்கை நம்பாதீங்க, நீங்களே ஆடிப் பாருங்க. மார்க் அஞ்சு," என்று முடித்தாய்.

அரை மணி நேரத்தில் யாழினி எனக்குப் போன் செய்தாள். "அஞ்சா? நானே நாலுதான் போட்டிருப்பேன் அத்தை," என்றாள். பக்கத்திலிருந்து அவள் அப்பா, "அஞ்சுன்னா பாஸ்தானே?" என்று கேட்டது காதில் விழுந்தது. "ஆறு போட்டிருந்தாருன்னா இந்தப் பேச்சே கெடயாது. அப்பாவை நாள் பாக்கச் சொல்லியாச்சு," என்று வைத்துவிட்டாள்.

இதுதான் நடந்தது. இதில் உனக்குச் சொல்ல எனக்குப் பெரிசாகப் புத்திமதி ஒன்றும் இல்லை. நீ கட்டியிருக்கிறவள் எழுதுகிறவள். அவள் எழுதியதைப் பற்றி இனி தினமும் உன்னிடம் கேட்பாள். பிடிக்காததைப் பிடித்தது என்று சொல்லாதே, ஒரே வார்த்தையில் கண்டுபிடித்துவிடுவாள். பிடிக்கவில்லை என்பதைச் சொல்லும்போது, அதில் நாலு பேர் சிரிக்க ஒரு வரி சேர்க்கலாமே என்று நாக்கு துறுதுறுக்கும். அந்த வரியை மட்டும் விழுங்கிவிடு. அவள் உன்னைப் பற்றிச் சொல்வதையும் இதே மாதிரி கேட்டுக்கொள். நீ போடும் காபியைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது சரியான அபிப்பிராயம்.

உனக்குத் தெரியாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் புடவைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போகிறோம் என்று நானும் யாழினியும் கிளம்பினோமே, அன்று தையல் கடைக்கே போகவில்லை. அவள் ஆபீசில் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிப் பேச விட்டாள். கடற்கரையில் பதிவானதை அங்கே எல்லாருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறாள். மூன்றாம் பாகத்தில் மெஸ் நடத்துகிற ஒரு ஜாம்பி வருகிறாளாம், அதற்கு என் குரல்தான். மேனேஜர் தானே எழுதிய ஒரு ஜோக்கை நீட்டி என்னைப் பேசச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நீங்களே பேசுங்க சார் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் பெண்டாட்டி மேஜைக்கடியில் குனிந்துகொண்டாள்.

அது வெளியானதும் நீ ஆடுவாய், பேசுவாய். அம்மாவாயிற்றே என்று அரை மார்க்கூட ஏற்றிப் போடாதே. என் நடிப்பு மட்டம் என்றால் உலகத்துக்கே கேட்கும்படி மட்டம் என்றே சொல். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. வயிறு நிறையச் சாப்பிடு. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, என் முகத்தைப் பார்த்து முதலில் என்னிடம் சொல். அப்புறம் போய் வீடியோ போடு.

உன் அம்மா